பெரியப்பாவின் டிரங்குப் பெட்டியும் ஆன்டனி பர்ஜெஸும்

1970-இல் என் பெரியப்பா மலேசியாவிலிருந்து ஒரேயடியாக ஊர் திரும்பினார். ஈப்போவில் ஒரு ரப்பர் கம்பெனியில் இருபது வருஷத்துக்கு மேல் குமாஸ்தா. ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்கியபோது அவருடன் இரண்டு டிரங்குப் பெட்டிகள் வந்தன. ஒன்றில் துணிமணி, டைகர் பாம் டப்பாக்கள். மற்றதில் புஸ்தகங்கள். அட்டை கழன்ற ஒரு தடிப் புஸ்தகத்தைக் காட்டி, "இதை எழுதினவன் எங்க ஊர்ப் பக்கம்தான் வாத்தியாரா இருந்தான். நம்ம ஆளுங்களை நல்லாக் கிண்டல் பண்ணியிருக்கான், ராஸ்கல்" என்றார். வைதாரே தவிர, அதை அவர் நாலைந்து தடவையாவது படித்திருப்பார்.

அதுதான் ஆன்டனி பர்ஜெஸின் 'மலாயன் டிரிலஜி'. அப்போது எனக்கு அவர் பெயர்கூடத் தெரியாது. பின்னாளில் அவர் உலகப் புகழ் அடைந்தார். அந்தப் புகழ் வேறொரு புஸ்தகத்தால், அதிலும் வேறொருவர் எடுத்த சினிமாவால் வந்தது. போன மாதம் பரணைச் சுத்தம் செய்கையில் பெரியப்பாவின் பிரதி மறுபடி கைக்கு வந்தது. அதனால்தான் இந்தப் பதிவு.

பர்ஜெஸின் முழுப்பெயர் ஜான் ஆன்டனி பர்ஜெஸ் வில்சன். 1917 பிப்ரவரி 25-ஆம் தேதி மான்செஸ்டர் நகரில், ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். அம்மா மேடைப் பாடகி, நடனக்காரி. அப்பா கணக்கெழுதும் வேலையோடு, ஊமைப்படக் கொட்டகைகளிலும் மதுக்கடைகளிலும் பியானோ வாசித்தவர். பையனுக்கு ஒன்றே முக்கால் வயதில் உலகப்போர் முடிந்தது. அந்த மாதமே விஷக்காய்ச்சல் வந்து அம்மாவையும் எட்டு வயது அக்காவையும் சில நாள் இடைவெளியில் கொண்டுபோயிற்று. பட்டாளத்திலிருந்து அப்பா வீட்டுக்கு வந்தபோது அறையில் இரண்டு உடல்கள், பக்கத்துத் தொட்டிலில் சிரித்துக்கொண்டிருக்கும் குழந்தை. பர்ஜெஸ் தன் சுயசரிதையில் சொல்லும் காட்சி இது. அந்தக் குழந்தை பிழைத்துக் கிடந்ததை அப்பா ரொம்ப சந்தோஷமாக ஏற்றுக்கொள்ளவில்லை என்ற எண்ணம் அவருக்குக் கடைசிவரை இருந்தது.

முதலில் சித்தி வீடு. பிறகு அப்பா மதுக்கடை நடத்திய ஒரு விதவையை மறுமணம் செய்துகொள்ள, பையன் அந்தக் கடை மாடியில் வளர்ந்தான். தானே ஒட்டுப்போட்டுச் செய்த ரேடியோவில் ஒரு நாள் டெபுஸியின் இசை கேட்டது. புல்லாங்குழல் தனியாக இறங்கி வரும் அந்த ஆரம்பத்தைக் கேட்ட நொடியில் தான் இசையமைப்பாளன் ஆவது என்று முடிவு செய்துவிட்டதாகச் சொல்வார். அப்பா பியானோக் கட்டையில் நடு ஸ்வரம் எது என்று மட்டும் தொட்டுக் காட்டினார். மிச்சத்தையெல்லாம் பையன் தானே கற்றுக்கொண்டான். குரு இல்லை, சபா இல்லை.

மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் சங்கீதம் படிக்க ஆசை. ஆனால் அந்தத் துறையில் சேரப் பௌதிகத்தில் தேறியிருக்க வேண்டும் என்று ஒரு விதி. பௌதிகம் அவருக்கு வரவில்லை. சங்கீதத்துக்கும் பௌதிகத்துக்கும் என்ன முடிச்சு என்று கேட்கத் தோன்றுகிறது. விதி போடுகிறவர்களிடம் யார் கேட்பது? வேறு வழியின்றி ஆங்கில இலக்கியத்தில் சேர்ந்து 1940-இல் பட்டம் வாங்கினார். பௌதிகத்தில் இன்னும் கொஞ்சம் மார்க் வந்திருந்தால் நமக்கு ஒரு நாவலாசிரியர் கிடைத்திருக்கமாட்டார்.

1942-இல் லின் என்ற வேல்ஸ் நாட்டுப் பெண்ணை மணந்தார். யுத்த காலத்தில் அவருக்கு ஜிப்ரால்டரில் ராணுவக் கல்விப்பிரிவில் வேலை, மனைவி லண்டனில். 1944-இல், விளக்கணைப்பு இரவு ஒன்றில், பட்டாளத்திலிருந்து ஓடிப்போன நாலு பேர் லின்னைத் தாக்கினார்கள். வயிற்றிலிருந்த குழந்தை போயிற்று. உடம்பும் மனசும் அதற்குப் பிறகு தேறவில்லை. பர்ஜெஸுக்கு உடனே ஊர் வர அனுமதி கிடைக்கவில்லை. இதை இங்கே குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

யுத்தம் முடிந்து சில வருஷம் உள்ளூரில் பள்ளி வாத்தியார். வாத்தியார் சம்பளம் எந்த ஊரிலும் ஒன்றுதான் போலிருக்கிறது. 1954-இல் காலனி அரசாங்கக் கல்வி வேலையில் மலாயா போனார். கோலாகங்சாரில் மலாய் ராஜவம்சத்துப் பிள்ளைகள் படித்த மலாய் காலேஜ். தலைமையாசிரியரோடு ஒத்துப்போகாமல் பிறகு கிழக்குக் கரையில் கோத்தபாருவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி. மற்ற வெள்ளைக்காரர்கள் கிளப்பில் உட்கார்ந்து ஊருக்குத் திரும்பும் நாளை எண்ணிக்கொண்டிருக்க, இவர் மலாய் மொழியை அரபு லிபியோடு சேர்த்துக் கற்றுச் சர்க்கார் பரீட்சையும் பாஸ் செய்தார். மலாய்க்காரர், சீனர், தமிழர், சீக்கியர் எல்லோரும் வந்துபோகும் காப்பிக்கடைகளிலும் பீர்க்கடைகளிலும் பொழுதைக் கழித்தார்.

அங்கேதான் எழுத்தாளர் ஆனார், கிட்டத்தட்ட நாற்பது வயதில். முதல் நாவல் 1956-இல் வந்தது. பெயர் 'டைம் ஃபார் எ டைகர்'. ஊரெல்லாம் ஒட்டியிருந்த டைகர் பீர் விளம்பர வாசகத்தையே தலைப்பாக வைத்துவிட்டார். காலனி உத்தியோகஸ்தர் சொந்தப் பெயரில் நாவல் எழுதுவது அழகில்லை என்று கருதிய காலம். அதனால் வில்சனை விட்டு, நடுவிலிருந்த ஆன்டனியையும் அம்மா வீட்டுப் பெயரான பர்ஜெஸையும் எடுத்துக்கொண்டார். முகம் நினைவில்லாத தாயின் பெயரில்தான் உலகம் இன்றைக்கு அவரை அறிகிறது.

இரண்டாவது நாவல் 1958-இல், மூன்றாவது 1959-இல். மூன்றும் சேர்ந்ததுதான் பெரியப்பாவின் தடிப் புஸ்தகம். விக்டர் கிராப் என்ற ஆங்கிலேய வாத்தியார் கதையின் நடுவில் இருந்தாலும், வெள்ளைக்காரன் மூட்டை கட்டும் நேரத்தில் அந்த நாட்டில் இருந்த எல்லா ஜாதியும் அதில் வந்து போகிறது. மூன்றாவது பாகத்தில் நம் ஆட்கள் நிறைய. வைத்திலிங்கம் என்று ஒரு யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்க மாட்டு டாக்டர். தாயார் அவருக்குப் பெண் பார்த்துக் கையோடு அழைத்து வருகிறாள். மனுஷன் படும் பாட்டைப் படித்தால் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும். ரோஸ்மேரி மைக்கேல் என்று ஒரு தமிழ்க் கிறிஸ்தவப் பெண், எப்படியாவது ஒரு வெள்ளைக்காரனைக் கட்டிக்கொண்டு சீமை போய்விடத் துடிக்கிறவள். பெரியப்பாவுக்குக் கோபம் வந்தது இவளால்தான். ஆனால் வைத்திலிங்கம் வரும் பக்கங்களில் அவர் பென்சிலால் கோடு இழுத்து வைத்திருக்கிறார். தெரிந்த யாரையோ பார்த்த சந்தோஷமாக இருக்க வேண்டும்.

கேலி உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. சில இடங்களில் நம்மவர்கள் கார்ட்டூன் ஆகிவிடுகிறார்கள். ஆனால் அதே ஆள் வெள்ளைக்காரனை அதைவிட மோசமாகக் கிழித்திருக்கிறார். மாமின் கதைகளில் ஆசியாக்காரர் என்றால் பானம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிற பையன். இங்கே அவனுக்கும் பெயர், கடன், காதல், வயிற்றுவலி எல்லாம் இருக்கிறது.

அந்த மூன்றாவது பாகத்தில் ராபர்ட் லூ என்று ஒரு சீனப் பையன் வருகிறான். காப்பிக்கடைக்காரர் மகன், பதினெட்டு வயது. கடைக் கல்லாவில் உட்கார்ந்து சிம்பொனி எழுதுகிறான். அவன் எழுதியதை வாசிக்க ஆர்கெஸ்ட்ரா கிடையாது. எல்லாம் தலைக்குள்தான் ஒலிக்கிறது. அப்பா கடைக்கு ஜூக்பாக்ஸ் வாங்கி வைக்க, அது இரவும் பகலும் அலறுகிறது. பையனின் சங்கீதத்தை எப்படியாவது அரங்கேற்றிவிட வேண்டும் என்று கிராப் அலைவது வீணாகப் போகிறது. முதல் தடவை படித்தபோது இதை ஒரு கிளைக்கதை என்று தாண்டிப் போய்விட்டேன். இப்போது படித்தால், அந்தக் கல்லாவில் உட்கார்ந்திருப்பது யார் என்று தெரிகிறது. மலாயாவின் சுதந்திரத்தை ஒட்டிப் பர்ஜெஸே ஒரு மலாய் சிம்பொனி எழுதினார். அதன் பிரதி இன்று இல்லை.

அடுத்து புருனை. 1959-இல் ஒரு நாள் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர் தரையில் படுத்துவிட்டார். மயக்கம் என்றார்கள், அலுப்பு தாங்காமல் சும்மா படுத்தேன் என்று அவரே வேறு சமயம் சொன்னார். விமானத்தில் ஏற்றி லண்டன் அனுப்பி, நரம்பியல் ஆஸ்பத்திரியில் சோதித்தார்கள். சோதித்த டாக்டர்களில் ஒருவர் ரோஜர் பானிஸ்டர் - ஒரு மைலை 4 நிமிஷத்துக்குள் ஓடிய அதே பானிஸ்டர். மூளையில் கட்டி, ஒரு வருஷம்தான் ஆயுள் என்று சொல்லிவிட்டதாகப் பர்ஜெஸ் கடைசிவரை சொல்லிவந்தார். வேலை போயிற்று. தான் போனபின் லின் கஷ்டப்படக்கூடாது என்று உட்கார்ந்து எழுதினார். அந்த ஒரே வருஷத்தில் ஐந்தரை நாவல் எழுதியதாக அவர் கணக்கு. தினம் 2000 வார்த்தை என்று திட்டம்.

வருஷம் முடிந்தது, ஆள் சாகவில்லை. இன்னும் 33 வருஷம் இருந்தார்.

கட்டி என்பதே கட்டுக்கதை என்று வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் சந்தேகப்படுகிறார்கள். சோதனைகளில் ஒன்றும் அகப்படவில்லை. காலனி உத்தியோகத்திலிருந்து இவரைக் கழற்றிவிட இது ஒரு சௌகரியமான சாக்கு என்று ஒரு கட்சி. பர்ஜெஸ் சொந்தக் கதையைக் கொஞ்சம் தாளித்துச் சொல்லும் ஆசாமிதான். இருந்தாலும் எனக்குத் தோன்றுவது இது. டாக்டர் சொன்னாரோ இல்லையோ, வேலை போய், நோயாளி மனைவியோடு, 42 வயதில் சீமைக் குளிரில் வந்து இறங்கியவருக்குப் பயம் நிஜமாகத்தான் இருந்திருக்கும். நாவல்களும் நிஜம். அவற்றை அவர் தாளித்துச் சொல்லவில்லை, எழுதிக் கொடுத்தார்.

இத்தனை வேகமாக எழுதுகிறவனை ஜனங்கள் மதிக்கமாட்டார்கள் என்று பதிப்பாளருக்குக் கவலை. அதனால் இரண்டு நாவல்களை ஜோசப் கெல் என்ற இன்னொரு புனைபெயரில் போட்டார்கள். அதில் ஒரு வேடிக்கை நடந்தது. பர்ஜெஸ் அப்போது 'யார்க்ஷயர் போஸ்ட்' பத்திரிகைக்குப் புஸ்தக மதிப்புரை எழுதிவந்தார். 1963-இல் ஜோசப் கெல்லின் 'இன்சைட் மிஸ்டர் எண்டர்பி' மதிப்புரைக்காக அவரிடமே வந்து சேர்ந்தது. கழிப்பறையில் உட்கார்ந்து கவிதை எழுதும் ஒரு கவிஞரின் கதை அது. ஆசிரியர் விஷயம் தெரிந்து தமாஷ் பண்ணுகிறார் என்று எண்ணி, இது ஒரு அசுத்தமான புஸ்தகம், ஜாக்கிரதை என்ற தோரணையில் எழுதி அனுப்பிவிட்டார். ஆசிரியருக்கு ஒன்றும் தெரியாது. குட்டு வெளியானதும் மதிப்புரை வேலை போயிற்று. நம் பத்திரிகை உலகத்தில் சொந்தப் புஸ்தகத்துக்குத் தானே மதிப்புரை எழுதிக்கொண்டவர்கள் உண்டு என்று கேள்வி. ஆனால் அதில் திட்டி எழுதிக்கொண்டவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

இனி எல்லோருக்கும் தெரிந்த 'எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்'. 1962-இல் வந்த சின்ன நாவல். வருங்காலத்து ஊர் ஒன்று. அலெக்ஸ் என்ற விடலை, தன் கூட்டத்தோடு இரவெல்லாம் அடிதடி, கொள்ளை, பெண்களிடம் அக்கிரமம். வீட்டுக்கு வந்தால் பீத்தோவன் கேட்டு உருகுவான். சர்க்கார் அவனைப் பிடித்து, மருந்து ஏற்றி, வன்முறைப் படங்களைக் காட்டி, வன்முறையை நினைத்தாலே குமட்டும்படி பழக்குகிறது. படத்தின் பின்னணியில் ஓடிய பீத்தோவனைக் கேட்டாலும் குமட்டுகிறது. அதுதான் அவனுக்குக் கிடைத்த பெரிய தண்டனை. கெட்டவனாக இருக்கும் சுதந்திரத்தைப் பிடுங்கி நல்லவனாக்கினால் அவன் மனுஷனா, சாவி கொடுத்த பொம்மையா என்பது கேள்வி. ரஷ்ய வார்த்தைகளை ஆங்கிலத்தில் கலந்து அந்தப் பையன்களுக்கு ஒரு தனிப் பாஷையே செய்துகொடுத்தார். கதையில் ஒரு எழுத்தாளன் வீட்டில் புகுந்து அவன் கண்ணெதிரே மனைவியைக் கெடுக்கிறார்கள். 1944-ஐக் குறித்து வைக்கச் சொன்னேனே, அது இதற்காகத்தான். தன் மனைவிக்கு நடந்ததை, நடத்தியவனின் வாயாலேயே சொல்ல வைத்திருக்கிறார். எனக்கு அந்தப் பக்கங்களைத் திரும்பப் படிக்கத் தெம்பில்லை.

புஸ்தகத்தில் 21 அத்தியாயம். மேலை நாட்டில் அப்போது 21 வயது வந்தால் ஆள் ஆனான் என்று கணக்கு. கடைசி அத்தியாயத்தில் அலெக்ஸுக்கு அடிதடி அலுத்துப்போகிறது. குடும்பம், குழந்தை என்று நினைப்பு ஓடுகிறது. அமெரிக்கப் பதிப்பாளர் இந்த அத்தியாயத்தை வெட்டிவிட்டே போட்டார். 1971-இல் ஸ்டான்லி குப்ரிக் எடுத்த படம் அந்த வெட்டுப்பட்ட பிரதியைத்தான் பின்பற்றியது. பையன் திருந்தாமலே படம் முடிகிறது. இங்கிலாந்தில் எங்கே அடிதடி நடந்தாலும் பத்திரிகைகள் அந்தப் படத்தைக் காரணம் காட்டின. பேட்டி கொடுத்து வசவு வாங்கியவர் பர்ஜெஸ். அவருக்குக் கிடைத்த உரிமைப் பணமோ சொற்பம். 1973-இல் குப்ரிக்கே படத்தை இங்கிலாந்தில் நிறுத்திவிட்டார். அவர் காலமான பிறகு 2000-இல்தான் அங்கே மறுபடி திரையிட்டார்கள்.

பர்ஜெஸ் இதற்கு ஒரு பதில் வைத்திருந்தார். 1987-இல் கதையை இசை நாடகமாகத் தானே எழுதி வெளியிட்டார். முடிவில் குப்ரிக் மாதிரி தாடி வைத்த ஒரு ஆள், படத்தில் வந்த 'சிங்கிங் இன் த ரெயின்' பாட்டை டிரம்பெட்டில் ஊதிக்கொண்டு மேடைக்கு வருகிறான். அவனை உதைத்து வெளியே தள்ளுகிறார்கள்.

லின் குடியால் ஈரல் கெட்டு 1968-இல் இறந்தார். அதே வருஷம் லியானா என்ற இத்தாலியப் பெண்ணைப் பர்ஜெஸ் மணந்தார். ஏற்கெனவே நாலு வயதில் ஒரு மகன் இருந்தான். இதற்கு மேல் விவரம் வேண்டாம். பிறகு ஊர் ஊராக வாசம். மால்டா, ரோம், கடைசியில் மொனாக்கோ. லியானா வேன் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து இவர் டைப் அடிப்பாராம். 1980-இல் வந்த 'எர்த்லி பவர்ஸ்' என்ற பெரிய நாவல் புக்கர் பரிசின் வாசல்வரை போயிற்று. எனக்குத்தான் என்று முன்கூட்டிச் சொன்னால் விழாவுக்கு வருகிறேன் என்றார். சொல்லவில்லை, இவர் போகவில்லை. பரிசு வில்லியம் கோல்டிங்குக்குப் போயிற்று.

இனி நான் சொல்ல வந்த விஷயம். 1975. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழக ஆர்கெஸ்ட்ராவின் நடத்துநர் ஜேம்ஸ் டிக்ஸன், இந்த நாவலாசிரியர் சங்கீதமும் எழுதுவார் என்று கேள்விப்பட்டு, எங்களுக்கு ஒன்று எழுதிக்கொடுங்களேன் என்று கேட்டார். பர்ஜெஸ் சில மாதத்தில் ஒரு முழு சிம்பொனியை எழுதிக் கொடுத்துவிட்டார். அவருடைய மூன்றாவது சிம்பொனி. 1975 அக்டோபர் 22-ஆம் தேதி அது அரங்கேறியது.

அப்போது அவருக்கு வயது 58. ரேடியோவில் டெபுஸியைக் கேட்டு நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இத்தனை காலம் காகிதத்தில் எழுதி, தலைக்குள் மட்டுமே கேட்டுவந்ததை முதல் முறையாக ஒரு முழு ஆர்கெஸ்ட்ரா வாசிக்க, மற்றவர்களோடு உட்கார்ந்து காதால் கேட்டார். எல்லோரும் மாணவர்கள், பிள்ளைகள். எத்தனையோ நாவல் போட்டவர், ஹாலிவுட் பார்த்தவர். ஆனால் அந்த மாலைக்கு ஈடாக எதையும் சொன்னதில்லை. சங்கீதமும் எழுதும் நாவலாசிரியர் என்று என்னைச் சொல்லாதீர்கள், நாவலும் எழுதும் சங்கீதக்காரன் என்று சொல்லுங்கள் என்று பலமுறை கேட்டுக்கொண்டார். யாரும் கேட்கவில்லை.

எங்கள் தெருவில் ஒரு ரிட்டயர்டு தமிழ் வாத்தியார் இருந்தார். ஐம்பது அறுபது கீர்த்தனைகள் எழுதி, ராகம் தாளம் எல்லாம் போட்டு, ரூல் போட்ட நோட்டில் வைத்திருந்தார். நாங்கள் பின்னால் கிண்டல் பண்ணுவோம். ஒரு தடவை கோயில் உற்சவத்தில் ஒரு பெண் அதில் ஒன்றைப் பாடியது. அவர் பிராகாரத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டே கேட்டார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அயோவாவைப் பற்றிப் படித்தபோது அந்தத் தூண்தான் ஞாபகம் வந்தது.

அயோவாவுக்குப் பிறகு பர்ஜெஸ் விட்ட காலத்தைப் பிடிக்கிற மாதிரி சங்கீதம் எழுதினார். ஜாய்ஸின் 'யுலிஸஸ்' நாவலைப் பாட்டு நாடகமாக்கி 1982-இல் பிபிசி ரேடியோவில் கொடுத்தார். பாக் மாதிரி 24 ஸ்வரஸ்தானங்களுக்கும் கீபோர்டு உருப்படிகள் எழுதினார். மகன் வாசிக்க என்று சில. எல்லாம் சேர்ந்து 250-க்கு மேல், நாவல்கள் 33. நாவலுக்குள்ளும் சங்கீதம்தான்: நெப்போலியன் கதையைப் பீத்தோவனின் மூன்றாவது சிம்பொனியின் அமைப்பிலேயே எழுதி, 1974-இல் வெளியிட்டார். அதைக் குப்ரிக்குக்குத்தான் சமர்ப்பணம் செய்திருக்கிறார். உதைத்துத் தள்ளியது பின்னால்.

அந்தச் சங்கீதம் எப்படி? எனக்கு மேல்நாட்டு இசை ஞானம் கிடையாது. மகன் யூடியூபில் போட்டுக் கொடுத்ததைக் கேட்டேன். நாவலில் இருக்கும் குறும்பும் அவசரமும் அதிலும் இருக்கிறது. ஒரு இடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது. மேதை என்று சொல்ல முடியாது, அசட்டுத்தனமும் இல்லை. வீட்டுக்காரி அடுக்களையிலிருந்து, "யாரோ வீடு மாத்தறாப்பல இருக்கே" என்றாள்.

1993 நவம்பர் 22-ஆம் தேதி லண்டனில் நுரையீரல் புற்றுநோயால் காலமானார். சுருட்டு, சிகரெட் கடைசிவரை விடவில்லை. அந்த வருஷமும் ஒரு நாவல் வந்தது: கிறிஸ்டோபர் மார்லோவைப் பற்றியது. பட்டப்படிப்பில் ஆய்வுக் கட்டுரை எழுதியதும் அதே மார்லோவைப் பற்றித்தான். மான்செஸ்டரில் அவர் பெயரால் ஒரு நிறுவனம் இருக்கிறது. புஸ்தகங்கள், கைப்பிரதிகள், பியானோ எல்லாம் அங்கே இருக்கின்றன. அவர் சங்கீதத்தை அவ்வப்போது வாசிக்கவும் செய்கிறார்கள்.

பெரியப்பாவின் பிரதியை நூல் கோத்து அட்டை ஒட்டி வைத்திருக்கிறேன். வைத்திலிங்கம் வரும் பக்கங்களில் மட்டும்தான் பென்சில் கோடு என்று நினைத்திருந்தேன். நேற்று புரட்டியபோது ராபர்ட் லூ கல்லாவில் உட்கார்ந்து எழுதும் பக்கத்திலும் மெல்லிசாக ஒன்று இருந்தது. பெரியப்பா ஈப்போவில் இருந்த காலத்தில் புல்புல்தாரா வாசிப்பார் என்று பெரியம்மா எப்போதோ சொன்னது ஞாபகம். ஊருக்கு வந்தபின் அவர் வாசித்து யாரும் கேட்டதில்லை.